சிறார் சுயாதீனமும் அதன் சமூக அடித்தளமும்: மொண்டிசோரி முறையின் தோற்றம் பற்றிய ஒரு நோக்கு

குழந்தைகள் இளமையிலேயே தம் கருமங்களைத் தாமே ஆற்றப் பழகுதல் வேண்டும் என்பது கல்வியாளர் பலரும் ஒப்புக்கொள்ளும் கோட்பாடாகும். பிள்ளை வளர்ப்பு நூல்கள் இதனைக் காலங்கடந்த உண்மை போன்றே எடுத்துரைக்கின்றன. ஆயின், எந்தவொரு கல்விக் கோட்பாடும் அது தோன்றிய சமூக உறவுகளினின்றும் பிரித்து நோக்கப்படின் பாதி உண்மையாகவே எஞ்சும். சிறாரின் சுயாதீனம் எங்கே, யாருடைய தேவையின் பொருட்டு, எவ்வர்க்கத்துப் பிள்ளைகளிடையே முதன்மை பெற்றது என்ற வினாவை, மரியா மொண்டிசோரி அம்மையாரின் (1870–1952) முயற்சியை ஆதாரமாகக் கொண்டு நாம் ஆராய முற்படுகின்றோம்.

1871இல் உரோம் ஐக்கிய இத்தாலியின் தலைநகரானதை அடுத்து, அந்நகரிலே கட்டிட ஊகவணிகம் பெருகிற்று. 1880களின் இறுதியில் அது சரிந்தபோது சான் லொரென்சோ பகுதியிற் பல கட்டிடங்கள் அரைகுறையாகக் கைவிடப்பட்டன; வறியோர் அவற்றில் நெருங்கிக் குடியேறினர். பின்னர் நிறுவனமொன்று அவற்றுட் சிலவற்றைத் திருத்தித் தொழிலாளர் குடும்பங்களுக்கு வாடகைக்கு விட்டது. பெற்றோர் இருவரும் வேலைக்குச் சென்ற வேளைகளிற் பள்ளி வயதை எட்டாத பிள்ளைகள் கவனிப்பாரின்றித் திரிந்தனர். சுவர்களும் படிக்கட்டுகளும் பழுதாயின. அவற்றைத் திருத்துஞ் செலவிலும் பிள்ளைகளை ஓரறையில் வைத்துப் பராமரிக்குஞ் செலவு குறைவு எனக் கண்ட நிறுவனப் பணிப்பாளர் எதோர்தோ தலாமோ, மருத்துவரான மொண்டிசோரியை நாடினார். 1907 ஜனவரி 6ஆம் நாள் முதலாவது ‘குழந்தைகள் இல்லம்’ திறக்கப்பட்டது.

எனவே, சொத்தைப் பாதுகாக்கும் நோக்கே இல்லத்தின் தோற்றுவாய் என்பது மனங்கொள்ளத்தக்கது. பெற்றோர் கட்டணம் செலுத்த வேண்டியிருக்கவில்லை. ஆயினும் பிள்ளைகளைச் சுத்தமாக அனுப்பத் தவறின், பிள்ளை விலக்கப்படலாம் என விதிகள் கூறின. வீட்டுரிமையாளரின் ஒழுங்கு, கல்வியின் பெயரால் தொழிலாளர் இல்லங்களுள் நுழைந்தது.

ஆயினும், இம்முரண்பாட்டினுள்ளேயே புதியதொன்றும் முளைத்தது. இற்றார், செகன் ஆகியோரின் வழிநின்று, மனவளர்ச்சி குன்றிய பிள்ளைகளுடன் முன்னர் பணியாற்றியவர் மொண்டிசோரி. அவர் குழந்தை தானே தூக்கி வைக்கக்கூடிய சிறு கதிரைகளையும் மேசைகளையும் செய்வித்தார். பொத்தான் பூட்டவும் நாடா முடியவும் பழகுவதற்குச் சட்டங்களை அமைத்தார். ஒருமுறை மூக்குச் சிந்தும் முறையைப் பிள்ளைகளுக்குச் செய்துகாட்டியபோது அவர்கள் கைதட்டி ஆரவாரித்ததாக அவர் பதிவு செய்துள்ளார். மூக்கொழுகலுக்காக ஓயாது ஏச்சுப் பெற்ற பிள்ளைகளுக்கு, அதைத் துடைக்கும் முறையை எவருமே அமைதியாகக் கற்பித்ததில்லை. அக்கைதட்டலை வெறுந் துப்புரவுப் பழக்கத்தின் வெற்றியாக நாம் கொள்ளவில்லை. இழிவினின்றும் விடுபட்ட மனித கௌரவத்தின் குரலாகவே கொள்கின்றோம்.

ஏவலாளரால் ஊழியஞ் செய்யப்படுபவன் தன் சுயாதீனத்தை இழக்கின்றான் என்பது 1909இல் வெளிவந்த அவரது நூலின் முக்கிய கருத்துகளுள் ஒன்று. தாய்மைப் பணியின் ஒரு பகுதியைச் சமூகம் பொறுப்பேற்க, உழைக்கும் பெண் கவலையின்றி வேலைக்குச் செல்லலாம் என்றும் அவர் வாதித்தார். குழந்தையின் சுயாதீனமும் தாயின் சுயாதீனமும் ஒன்றோடொன்று பிணைந்தவை என்னும் உணர்வு இதிலே தொனிக்கின்றது.

முறை பரவியபோது இவ்வுணர்வு மங்கிற்று. அமெரிக்காவிலே வசதி படைத்தோர் அதனை விரும்பி ஏற்றனர். இத்தாலியில் 1924 முதல் முசோலினியின் ஆதரவை மொண்டிசோரி பெற்றார் என்பதையும் நாம் மறைத்தலாகாது. எனினும், கீழ்ப்படிதலையே வேண்டிய பாசிசத்துடன் அவ்வுறவு நிலைக்கவில்லை. 1934இல் அவர் இத்தாலியை விட்டு நீங்கினார்.

1939இல் பிரம்மஞான சபையாரின் அழைப்பின் பேரில் அவர் சென்னை அடையாறுக்கு வந்தார். 1940இல் இத்தாலி போரில் இறங்கியதும், அவருடன் வந்திருந்த மகன் மாரியோ பிரித்தானிய ஆட்சியினராற் சிறிது காலம் தடுத்து வைக்கப்பட்டார். 1944இல் மொண்டிசோரி இலங்கையிலும் பயிற்சி வகுப்பு நடத்தினார். நம் நாட்டுப் பேச்சுவழக்கிலே ‘மொண்டிசோரி’ என்பது பாலர் பாடசாலைக்கே பொதுப்பெயராயிற்று. ஆனால், அப்பெயர் பெரும்பாலும் கட்டணஞ் செலுத்தக்கூடிய பெற்றோரின் பிள்ளைகளையே சுட்டி நின்றது. அதே காலத்தில், கொழுந்து பறிக்கச் சென்ற மலையகத் தாய்மாரின் குழந்தைகள் தோட்டத்துப் ‘பிள்ளை மடுவ’ங்களிலே விடப்பட்டனர். சான் லொரென்சோவைப் போன்றே தாயின் உழைப்பையும் உடைமையாளரின் கணக்கையும் அடியாகக் கொண்டெழுந்தது பிள்ளை மடுவம். ஆயின், அங்கே குழந்தை காவல் செய்யப்பட்டதேயன்றி, செயலாற்றும் ஆளாகக் கருதப்படவில்லை. தொழிலாளர் பிள்ளைகளிடையே பிறந்த முறை, இங்கே தொழிலாளர் பிள்ளைகளை எட்டாது போயிற்று.

இதுகாறும் நோக்கியவற்றால் ஒன்று தெளிவாகின்றது. ‘தானே செய்யப் பழகு’ என்று குழந்தையிடம் கூறுவது எளிது. அதற்குக் கைக்கெட்டும் நீரும், தன் அளவுக்கேற்ற கதிரையும், தவறிச் சிந்தினால் ஏசாது பொறுத்திருக்க நேரமுடைய ஒரு பெரியவரும் வேண்டும். நாட்கூலிக்கு விரையும் தாயிடம் இல்லாதது அன்பன்று, நேரமே. அந்நேரத்தையும் இடத்தையும் சமூகத்தின் பொறுப்பாக்காத வரையில், சிறாரின் சுயாதீனம் வசதி படைத்தோரின் தனியுடைமையாகவே இருக்கும். மொண்டிசோரி முறையைப் போற்றுவோர் சான் லொரென்சோவை மறவாதிருத்தல் வேண்டும் என நாம் வற்புறுத்துவது இதனாலேயே.