குளகும் அறா வெட்டும்: தமிழகத்தில் ஆட்டுத் தழைத் தீவனத்தின் வரலாறு

முன்னுரை

சங்க இலக்கியத்தின் ஆநிரை பற்றி விரிவான ஆய்வுகள் உள்ளன. அவற்றோடு ஒப்பிட, ஆட்டின் தீவனம் குறைந்த கவனமே பெற்றுள்ளது. வெள்ளாடு புல்லை மட்டும் நம்பி வாழும் விலங்கன்று; இலையையும் கொழுந்தையும் நெற்றையும் விரும்பித் தின்பது. கோடையில் புல் கருகிய பின்னும் ஆழ வேரோடிய மரங்கள் பசுந்தழை தருகின்றன. ஆகவே மரத்தழை, மேய்ச்சலின் குறையை நிரப்பும் துணைத் தீவனமாக நெடுங்காலம் இருந்து வந்துள்ளது. அத்தழையை வெட்டிய முறை மரத்தை அழிக்கும் செயலா, மரத்தைத் தொடர்ந்து பயன்கொள்ளும் முறையா என்னும் வினாவை இலக்கியம், வனச்சட்டம், வேளாண் பரிந்துரை ஆகிய மூன்றின் வழி இக்கட்டுரை ஆராய்கிறது.

குடிலில் கட்டிய குளகு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படை, இடையர் குடியிருப்பை விவரிக்கும் பகுதியில், மறிகள் தின்பதற்காகத் தழை கட்டப்பட்ட குறுங்கால் குடிலைக் காட்டுகிறது. அத்தழையை அப்பாட்டு ‘குளகு’ என்கிறது. முற்றத்தில் துருவையும் வெள்ளையும், அதாவது செம்மறியும் வெள்ளாடும், தங்கியமையும் அங்கேயே கூறப்படுகிறது.

இச்சிறு குறிப்பு இரண்டு செய்திகளைத் தருகிறது. முதலாவது, தழை இருந்த இடத்திற்கு ஆட்டை ஓட்டிச் சென்றதோடு, ஆடு இருந்த இடத்திற்குத் தழையைக் கொண்டு வரும் வழக்கமும் இருந்தது. தொலைவு நடக்க இயலாத குட்டிகளுக்கே அது பயன்பட்டது. இரண்டாவது, தழை தரையில் பரப்பப்படாமல் கட்டப்பட்டிருந்தது. மிதித்து அழுக்கான தீவனத்தை வெள்ளாடு தவிர்க்கும். தலையை நிமிர்த்தி எட்டித் தின்பதே அதன் இயல்பு. தழையைக் கட்டித் தொங்கவிடும் வழக்கம் இன்றும் தொடர்கிறது. ‘குளகு’ வழக்கொழிந்தாலும், ஆட்டுக்குத் ‘தழை ஒடித்தல்’ எனத் தமிழகத்திலும், ‘குழை வெட்டுதல்’ எனத் தென் மாவட்டங்களிலும் யாழ்ப்பாணத்திலும் அச்செயல் வழங்கி வருகிறது.

அறா வெட்டு

இடையன் வெட்டிய மரம் பழமொழியாகவே நிலைத்தது. முன்றுறை அரையனாரின் பழமொழி நானூறு அதனை ஒரு பாடலின் ஈற்றில் அமைக்கிறது. சீவக சிந்தாமணியில் தாய் விசயையிடம் பேசும் சீவகன், தன் பிறப்பால் பிறருக்கு நேர்ந்த துன்பத்தை எண்ணி, இடையனால் கொல்லப்பட்ட மரத்தோடு தன்னை ஒப்பிடுகிறான். ‘இடையன் வெட்டு அறா வெட்டு’ என்னும் உலக வழக்கோ முற்றுப்பெறாத செயலைக் குறிக்கிறது.

இவை யாவும் வெட்டுண்ட மரத்தின் பக்கம் நின்று கூறப்பட்டவை. வெட்டியவரின் நோக்கிலிருந்து பார்த்தால் ‘அறா’மைக்குக் காரணம் உண்டு. கிளையை முற்றும் துணிக்காமல் பாதி வெட்டி வளைத்தால், அது ஆட்டின் வாய்க்கு எட்டும். பட்டையின் தொடர்பு அறாததால் தழை விரைவில் வாடாது. மரம் மீண்டும் துளிர்க்கும். எனினும் இடைவெளியின்றி வெட்டினால் மரம் பட்டுப்போகும் என்பதையும் மறுக்க இயலாது. சிந்தாமணி உவமையின் அடிப்படை அதுவே. ஆகவே இம்முறையின் நன்மை தீமைகள், வெட்டின் ஆழத்தைப் போலவே, வெட்டுகளுக்கு இடைப்பட்ட கால அளவையும் சார்ந்தவை.

காப்புக்காடும் கொறங்காடும்

1882ஆம் ஆண்டின் சென்னை வனச்சட்டம், காப்புக்காட்டினுள் அனுமதியின்றி மரம் வெட்டுதல், கிளை கழித்தல், கால்நடை மேய்த்தல் ஆகியவற்றைக் குற்றமாக்கியது. இளங்கன்றின் நுனியைக் கடித்து மறுவளர்ச்சியைத் தடுக்கும் விலங்கு என்பதால் வனத்துறையின் ஐயம் வெள்ளாட்டின் மீது மிகுதியாக இருந்தது. அந்த ஐயம் ஆதாரமற்றதன்று. ஆயினும் சட்டம் ஒரு நுட்பமான விளைவையும் உண்டாக்கியது எனக் கருதலாம்: அதே மரத்திற்கு அடுத்த கோடையில் திரும்பி வரும் உரிமை உடையவருக்கே அதனை உயிரோடு விட்டுச் செல்லும் தேவை உண்டு, பிடிபடும் அச்சத்தோடு வெட்டுபவருக்கு அத்தேவை இல்லை. வனக்கட்டுப்பாடுகள் பற்றிய குறைகளை ஆராய்ந்த சென்னை வனக்குழு 1913இல் அறிக்கை அளித்தது. வனப் பஞ்சாயத்துகள் அதன் பின்னர் உருவாயின.

உரிமை உறுதியாக இருந்த இடத்தில் நிலை வேறு. தாராபுரம், காங்கேயம், மூலனூர் பகுதிகளின் கொறங்காடுகள் தனியார் மேய்ச்சல் நிலங்கள். கிளுவை உயிர்வேலி, கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல் மரம் என்பது அவற்றின் அமைப்பு. அங்கு வெள்வேலின் நெற்று ஆடுகளுக்கு வறட்சிக்காலத் தீவனமாகிறது. ஆதலால் மரம் பேணப்படுகிறது.

தீவன மரங்கள்

1970களிலும் 1980களிலும் சவுண்டல் என்னும் சூபாபுல் தீவன மரமாகப் பரவலாகப் பரிந்துரைக்கப்பட்டது. அகத்தி, கிளைரிசிடியா, வேலிமசால் ஆகியனவும் தீவனப் பட்டியலில் இடம்பெற்றன. வைக்கோலின் புரதம் உலர்நிலையில் 3 முதல் 4 விழுக்காடே. அகத்தி, சவுண்டல் தழைகளில் அது 20 விழுக்காட்டைத் தாண்டும். ஆயினும் சவுண்டலில் மைமோசின் என்னும் நச்சுப்பொருள் உள்ளது. வேல மரத் தழைகளின் டானின் புரதத்தைப் பிணித்துச் செரிமானத்தைக் குறைக்கும். எனவே பலவகைத் தழைகளைக் கலந்து அளவோடு கொடுக்குமாறு வேளாண் அறிவியல் வலியுறுத்துகிறது. வரப்பிலும் வேலியிலும் நட்டு, குறித்த இடைவெளியில் கழித்து, மீண்டும் துளிர்க்கவிடும் இம்முறை, அறா வெட்டின் நோக்கத்தையே வேறு வடிவில் நிறைவேற்றுகிறது.

முடிவுரை

அரைகுறைச் செயலின் உவமையாக நின்ற இடையன் வெட்டு, ஒரு தொழில்முறையின் எச்சம் எனக் கொள்ள இடமுண்டு. அம்முறை மரத்திற்குத் தீங்கற்றது என்பதன்று இக்கட்டுரையின் முடிபு. மரத்தின் வாழ்வு, தழை வெட்டுபவர் அதனிடம் மீண்டும் வரும் உரிமையோடு பிணைந்திருந்தது என்பதே முடிபு. ஆடு வளர்ப்பையும் காடு காத்தலையும் எதிரெதிராக நிறுத்தும் வரலாற்றெழுத்து இவ்வுரிமையையும் கணக்கில் கொள்ள வேண்டும்.