பான்ஜோவின் கட்டைத் தந்தி

பான்ஜோ எண்டால் எங்களில கனபேருக்கு ஞாபகம் வாறது தொப்பி போட்ட வெள்ளைக்கார மலைநாட்டார்தான். படங்கள் பழக்கிவிட்ட ஞாபகம் அது.

வாத்தியத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்போம். புளூகிராஸ் இசையில் வாசிக்கும் பான்ஜோவுக்கு ஐந்து தந்திகள். ஒன்று மட்டும் கட்டை. கழுத்தின் பாதிவழியிலேயே நின்றுவிடும், பெருவிரலால் மீட்டுவார்கள். செனகல், காம்பியா பக்கத்து ஜோலா மக்களின் அகோன்டிங்கிலும் அப்படியொரு கட்டைத் தந்தி, அதற்கும் பெருவிரல்தான். சுரைக்குடுவையில் தோல் போர்த்திய வாத்தியம் அது. அடிமைகளாகக் கொண்டுபோகப்பட்ட ஆபிரிக்கர்கள் இந்த மாதிரி வாத்தியங்களைக் கரீபியனிலும் அமெரிக்காவிலும் திரும்பச் செய்துகொண்டார்கள். அவர்களிடம் பழகிய வேர்ஜினியாக்காரர் ஜோயல் சுவீனி, 1830களில் முகத்தில் கரி பூசிக்கொண்டு மேடையில் வாசித்துப் பேரெடுத்தார். கற்றுத்தந்தவர்களையே நக்கலடிக்கிற மேடை அது!

புளூகிராஸுக்குப் பெயர் வந்தது கென்டக்கியின் பில் மன்றோவுடைய 'புளூகிராஸ் போய்ஸ்' குழுவால். 1945 கடைசியில் ஏர்ல் ஸ்கிரக்ஸ் சேர்ந்தபிறகு, மூன்று விரலால் பொரிந்து தள்ளும் பான்ஜோ அந்த இசையின் அடையாளமாயிற்று. ஆனால் மன்றோ இளவயதில் ஆர்னோல்ட் ஷுல்ட்ஸ் என்ற கறுப்பினக் கலைஞரோடு நடன இரவுகளில் வாசித்தவர். அந்தக் கடனை மன்றோவே பிறகு சொல்லியிருக்கிறார். 1931இல் இறந்துபோன ஷுல்ட்ஸின் ஒரு ஒலிப்பதிவுகூட இல்லை.

2005இல் வட கரோலினாவின் பூன் நகரில் கறுப்பினப் பான்ஜோ கலைஞர்கள் ஒன்றுகூடினார்கள். அங்கே சந்தித்த மூன்று இளையவர்கள் 'கரோலினா சொக்லட் ட்ரொப்ஸ்' குழுவைத் தொடங்கினார்கள். 80 வயது தாண்டிய பிடில்காரர் ஜோ தொம்சனின் வீட்டுக்கு வியாழன் தோறும் போய், அவரோடு இருந்து வாசித்தே பாட்டுகளை எடுத்தார்கள்.