வலை இழுத்தபின்: சமூக வலைத்தளக் காலத்தில் நம் நம்பிக்கை வாழ்வு

தேங்காய்த்திட்டு இறைமக்கள் வெளியிடும் இச்சிறப்பு மலருக்குச் சமூக வலைத்தளமும் கிறிஸ்தவ வாழ்வும் என்னும் பொருளில் எழுதித் தருமாறு மலர்க்குழுவினர் அன்போடு பணித்தார்கள். அப்பணியைப் பேறாகக் கருதி ஏற்றேன். கைப்பேசியைப் பற்றி இந்த ஊருக்கு நான் சொல்ல வேண்டியது ஏதுமில்லை. காலை மறையுரையும், செபமாலைக் குழுவும், நேரலைத் திருப்பலியும் எல்லார் உள்ளங்கையிலும் இருக்கின்றன. விவிலியத்தையும் தமிழ் அச்சு வரலாற்றையும் நெடுங்காலம் பயின்றவன் என்ற முறையில் என்னிடம் உள்ளதைப் படைக்கிறேன். மீன்பிடித் துறைமுகம் உள்ள ஊருக்கு எழுதும்போது 'வலை' என்ற சொல்லிலிருந்து தொடங்குவதே முறை.

நற்செய்தியில் மூன்று வலைகள்

புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலம் வலைக்கு மூன்று சொற்களை ஆள்கிறது. பேதுருவும் அந்திரேயாவும் அழைக்கப்பட்டபோது கடலில் எறிந்துகொண்டிருந்தது 'அம்பிபிளேஸ்த்ரோன்' (மத்தேயு 4:18). ஒருவர் தனியே நின்று சுழற்றி எறியும் வீச்சு வலை அது. அழைப்பைக் கேட்டு அவர்கள் விட்டுச் சென்றவற்றைக் குறிக்கும் 'திக்துவா' எல்லா வலைக்கும் பொதுப்பெயர். மூன்றாவது சொல் 'சகேனே'. புதிய ஏற்பாடு முழுவதிலும் அது ஒரே ஓர் இடத்தில்தான் வருகிறது: விண்ணரசை வலைக்கு ஒப்பிடும் உவமையில் (மத்தேயு 13:47-50).

சகேனே என்பது நம் கரைவலைக்கு இணையானது. இரு முனைக் கயிற்றையும் பலர் கூடி இழுக்க, வழியில் அகப்பட்ட அனைத்தையும் மடியில் வாரிக்கொண்டு கரை சேரும். நல்ல மீன், கெட்ட மீன் என்று அது பார்ப்பதில்லை. அது வலையின் குற்றமும் இல்லை; அதன் இயல்பே அது. ஆகவே உவமை வலையோடு முடியவில்லை. வலையைக் கரைக்கு இழுத்தவர்கள் உட்கார்ந்து, நல்லவற்றைக் கூடைகளில் சேர்த்து, ஆகாதவற்றை எறிந்தார்கள் என்று ஆண்டவர் தொடர்கிறார். 'உட்கார்ந்து' என்ற சொல்லை நற்செய்தியாளர் வீணாக வைக்கவில்லை. ஓடிக்கொண்டே மீன் பிரிக்க முடியாது. கலிலேயக் கடற்கரையில் இந்தப் பிரிப்பு கட்டாயமும் ஆகும். துடுப்பும் செதிலும் இல்லாதவற்றை உண்ணலாகாது என்பது லேவியர் நூல் 11ஆம் அதிகாரத்தின் சட்டம்.

இங்கே ஒரு நுட்பத்தைக் கவனிக்க வேண்டுகிறேன். மீனைப் பிரிப்பவர்கள் வலை இழுத்த மனிதர்கள். நேர்மையாளரிடையிருந்து தீயோரைப் பிரிப்பவர்களோ வானதூதர்கள். அதுவும் உலக முடிவில். வலைக்குள் வந்ததைப் பிரிப்பது நம் வேலை. மனிதரைப் பிரிப்பது நம் வேலையன்று. அதே அதிகாரத்தில் வரும் களைகளின் உவமையிலும், களையைப் பறிக்க முந்திய பணியாளரை வீட்டுத் தலைவர் தடுத்துவிடுகிறார்.

புனித அகுஸ்தீன் இதைத் துல்லியமாக உணர்ந்தவர். வட ஆப்பிரிக்கத் திருச்சபையைத் தொனாத்தியர் பிளவு உலுக்கியபோது, 393ஆம் ஆண்டளவில், எளிய மக்கள் பாடுவதற்கென்றே அகரவரிசையில் ஒரு பாடல் இயற்றினார். அப்பாடலின் வாயிலாக அவர் வைத்தது இந்த வலை உவமையைத்தான். கெட்ட மீனோடு கிடக்க மாட்டோம் என்று வலையையே கிழித்துக்கொண்டு போனவர்களுக்கு அவர் தந்த விடை அது. மக்கள் நாவில் பரவும் வடிவத்தை ஒரு குரு தேர்ந்தெடுத்தார் என்பதையும் எண்ணிப் பாருங்கள்.

நம் நிலையை இதனோடு ஒப்பிடும்போது நெஞ்சு கனக்கிறது. வந்த செய்தியைப் பிரிக்காமல் அப்படியே அடுத்த கூடையில் கொட்டுகிறோம். ஆனால் முகம் தெரியாத மனிதரை நொடியில் பிரித்து, இவர் விசுவாசி, இவர் துரோகி என்று தீர்ப்பெழுதுகிறோம். நமக்குரியதை விட்டுவிட்டு வானதூதருக்குரியதைக் கையில் எடுத்திருக்கிறோம்.

மடல்களின் காலத்தில் போலி

போலிச் செய்தி நம் காலத்துப் பிள்ளை அன்று. பவுலடியார் பெயரிலேயே போலி மடல் உலவக்கூடும் என்ற அச்சம் தொடக்கத் திருச்சபையில் இருந்தது. ஆண்டவருடைய நாள் வந்துவிட்டது என்று தம்மிடமிருந்து வந்ததுபோன்ற மடல் சொன்னாலும் கலங்க வேண்டாம் என்று 2 தெசலோனிக்கர் 2:2 எச்சரிக்கிறது. அத்தோடு நிற்காமல், வாழ்த்தைத் தம் கைப்பட எழுதுவதாகவும் எல்லா மடலிலும் அதுவே அடையாளம் என்றும் அதே மடல் முடிகிறது (3:17). பெரோயா நகரத்தார் பவுலின் போதனையையே நாள்தோறும் மறைநூலோடு ஒப்பிட்டு ஆராய்ந்தார்கள். அதற்காகத் திருத்தூதர் பணிகள் 17:11 அவர்களைப் பெருந்தன்மையுடையோர் என்கிறது. ஆராய்வது விசுவாசக் குறைவு ஆகாது.

நான் பெரிதும் போற்றும் பகுதி தானியேல் நூலின் 13ஆம் அதிகாரம். சூசன்னா மீது இரு முதியவர்கள் பழி சுமத்துகிறார்கள். அவர்கள் மக்களின் நீதிபதிகள் என்பதால் சபை நம்பிவிடுகிறது. இளைஞராகிய தானியேல் இருவரையும் தனித்தனியே நிறுத்தி, எந்த மரத்தடியில் கண்டீர்கள் என்று கேட்கிறார். இருவரும் வெவ்வேறு மரத்தைச் சொல்ல, ஓர் உயிர் தப்புகிறது. ஒரே ஒரு கேள்விதான் கேட்கப்பட்டது. அதைக் கேட்க ஊரில் வேறு யாரும் முன்வரவில்லை. சீராக்கின் ஞானம் 19ஆம் அதிகாரம், காதில் விழுந்த சொல் நம்மோடு மடியட்டும், அதனால் நாம் வெடித்துவிட மாட்டோம் என்ற பொருளில் தேற்றுகிறது. நண்பனைப் பற்றிக் கேட்டதை நண்பனிடமே கேட்டுத் தெளியவும் சொல்கிறது. வள்ளுவப் பெருந்தகை அறிவுடைமை அதிகாரத்தில் வற்புறுத்துவதும் இந்தத் தெளிவைத்தான். குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் பெயர்த்த வீரமாமுனிவர் அதைச் சுவைத்திருப்பார் என்பதில் எனக்கு ஐயமில்லை.

நம் கரையின் எழுத்து மரபு

1578 அக்டோபர் 20 அன்று கொல்லத்தில் அச்சேறிய 'தம்பிரான் வணக்கம்' பதினாறே பக்கங்கள் கொண்டது. தமிழ் எழுத்தில் அச்சான நூல்களில் நமக்குக் கிடைத்துள்ளவற்றுள் அதுவே முதலாவது. அந்நூலை உருவாக்கிய அண்டிரிக் அடிகளாரின் பணிக்குப் பொருளுதவி செய்தவர்கள் முத்துக்குளித்துறைப் பரதவர்கள். கடலில் உழைத்த மக்களின் காணிக்கையில்தான் தமிழ் அச்சு பிறந்தது. இதைப் படிக்கும் ஒவ்வொரு கடலோரக் குடும்பமும் தலைநிமிரலாம்.

நம் புதுவைக்கும் இதில் இடமுண்டு. 1761இல் ஆங்கிலேயர் புதுவையைக் கைப்பற்றியபோது இங்கிருந்த அச்சுப்பொறியையும் சென்னைக்குக் கொண்டுபோனார்கள். அது வேப்பேரியில் லுத்தரன் குருவான பப்ரீசியுஸ் ஐயரின் பொறுப்பில் ஒப்படைக்கப்பட்டது. அந்த வேப்பேரி அச்சகத்திலிருந்தே 1779இல் அவருடைய தமிழ்-ஆங்கில அகராதி வெளிவந்தது. இழந்த புதுவையும் பின்னர் எழுந்தது. முசே அடிகளும் துய்ப்புய் அடிகளும் தொகுத்த தமிழ்-பிரெஞ்சு அகராதி 1855, 1862 ஆகிய ஆண்டுகளில் இரு தொகுதிகளாக இங்கே அச்சாயிற்று. அத்துய்ப்புய் அடிகளே 1844இல் கன்னியர் சபை ஒன்றை நிறுவிப் பெண்கல்விக்கு வித்திட்டவர். 1911இல் தொடங்கிய 'சர்வ வியாபி' வார இதழ் புதுவையின் பெயரைத் தமிழ்க் கத்தோலிக்க இல்லங்களுக்கு எடுத்துச் சென்றது.

அக்காலத்திலும் சண்டை இருந்தது. தரங்கம்பாடியிலிருந்த லுத்தரன் மறைபரப்பாளர்கள் 'திருச்சபை பேதகம்' அச்சிட்டார்கள். வீரமாமுனிவர் 'பேதகமறுத்தல்' எழுதி விடையிறுத்தார். சொற்கள் கூர்மையானவையே, அந்தக் கடுமையை நாம் பின்பற்ற வேண்டியதில்லை. ஆனால் மறுப்பதற்கு முன் எதிர்த்தரப்பின் நூலை அவர் படித்தார். தலைப்பை மட்டும் பார்த்துவிட்டுக் கொதிக்கும் பழக்கம் அவருக்கு இல்லை.

திருச்சபையின் குரல்

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963இல் சமூகத் தொடர்பு பற்றிய ஆணையை வெளியிட்டது. திருத்தந்தை பிரான்சிஸ் உலகச் சமூகத் தொடர்பு நாள் செய்திகளில் 2018இல் போலிச் செய்தியைப் பற்றியும், 2019இல் வலைத்தளக் குழுமம் உண்மையான மனிதக் குழுமமாக வேண்டியதைப் பற்றியும் எழுதினார். 2023 மே 28 அன்று வத்திக்கான் தொடர்புத்துறை வெளியிட்ட மேய்ப்புப்பணிச் சிந்தனை நல்ல சமாரியர் உவமையை அடித்தளமாக்கி, இணைய நெடுஞ்சாலையில் காயப்பட்டுக் கிடப்பவரைக் கண்டு விலகிப் போகாதீர்கள் என்னும் கருத்தை முன்வைத்தது.

பிரிப்போம், பொத்துவோம்

2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் அருகே, குலதெய்வத்தை வழிபட வந்த ஒரு மூதாட்டி குழந்தைகளுக்கு இனிப்புக் கொடுத்தார். பிள்ளை பிடிப்பவர்கள் வருகிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் சுற்றிய பொய்யை நம்பியிருந்த கூட்டம் அவரை அடித்தே கொன்றது. அங்கே ஒரு தானியேல் எழுந்து ஒரு கேள்வி கேட்டிருந்தால்! நானும் குற்றமற்றவன் அல்லன். திருத்தந்தை சொன்னதாக வந்த ஒரு பொன்மொழியை அழகாக இருந்ததால் மூன்று குழுக்களுக்கு அனுப்பினேன். பிறகு தேடியபோது அவருடைய எந்த மடலிலும் உரையிலும் அதைக் காணவில்லை. ஒவ்வொரு குழுவிலும் பிழையை ஒப்புக்கொண்டு எழுதினேன்.

பிரிப்பதோடு பணி முடியவில்லை. யாக்கோபும் யோவானும் அழைக்கப்பட்ட வேளையில் படகில் அமர்ந்து வலை பொத்திக்கொண்டிருந்தார்கள் (மத்தேயு 4:21). அங்கே வரும் கிரேக்க வினை 'கதர்த்திசோ'. குற்றத்தில் அகப்பட்டவரைக் கனிவோடு திருத்துங்கள் என்று கலாத்தியர் 6:1 சொல்லும்போது பவுல் எடுத்தாள்வதும் அதே சொல். தவறிய சகோதரனைத் திருத்துவது வலை பொத்துவதைப் போன்ற வேலை: பொறுமையாக, கண்ணி கண்ணியாக, ஊரைக் கூட்டாமல்.

அன்பு இளைஞர்களே, தாய்மார்களே! படகு கரையேறியதும் பேத்தை மீனைக் கண்டால் நம் கை தானாக ஒதுக்குகிறது. அந்தக் கண் தலைமுறை தலைமுறையாகக் கடல் நமக்குத் தந்தது. அதைக் கைப்பேசிக்கும் கொடுங்கள். செய்தி வந்ததும் உட்காருங்கள். யார் எழுதியது, எப்போது, எங்கே என்று கேளுங்கள். ஆகாததை உங்களோடு முடித்துவிடுங்கள். கோபித்துக் குழுவைவிட்டு வெளியேறிய உறவினரின் வீட்டுக்கு நேரில் நடந்து செல்லுங்கள். மனிதரைத் தீர்ப்பிடுவதை வானதூதருக்கு விட்டுவிடுங்கள். உயிர்த்த ஆண்டவரின் சொல்லைக் கேட்டு வீசிய வலையில் 153 பெரிய மீன்கள் நிறைந்தும் அது கிழியவில்லை என்று யோவான் 21:11 சான்று பகர்கிறது. நம் ஊரின் வலையும் கிழியாதிருக்க விண்ணக அன்னை நமக்காக வேண்டுவாராக. ஆமென்.