துடிப்பறிந்து வீங்கும் பலூன்

ஊர் ஊராகப் போய் வீட்டுச் சுவர்களில் இயற்கைக் காட்சிகள் தீட்டிப் பிழைத்த ரூஃபஸ் போர்ட்டர்தான் 1845இல் 'சயின்டிஃபிக் அமெரிக்கன்' இதழையும் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, 1855இல், ஜே.டி. பிராட்லி என்பவரோடு சேர்ந்து கிணற்று நீர் இறைக்கும் பம்பு ஒன்றுக்கு அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். அதன் தத்துவம் எளிமையானது. வளைந்துகொடுக்கும் குழாயை ஓரிடத்தில் நசுக்கி, அந்த நசுக்கலை அப்படியே நகர்த்திக்கொண்டு போனால் உள்ளே இருக்கும் நீர் முன்னால் ஓடும். நசுங்கிய இடம் மறுபடி விரியும்போது பின்னாலிருந்து புது நீரை இழுத்துக்கொள்ளும். நம் குடல் உணவை நகர்த்துவதும் இப்படித்தான்.

1881இல் யூஜின் ஆலன் இதே வழியை இரத்தம் ஏற்றுவதற்குப் பயன்படுத்திக் காப்புரிமை பெற்றார். கிணற்று நீருக்கு இந்த முறை ஒரு வசதி மட்டுமே. இரத்தத்துக்கோ அது உயிர்ப் பிரச்சினை. பிஸ்டனும் இரும்பு வால்வும் உரசினால் சிவப்பணுக்கள் உடையும். அந்நியப் பரப்பைத் தொட்டாலே இரத்தம் உறையத் தொடங்கும். குழாய்ப் பம்பில் இரத்தம் தொடுவது குழாயின் உட்சுவரை மட்டும்தான். இயந்திரம் முழுவதும் வெளியே நிற்கிறது.

லெபனான் குடியேறிகளின் மகனான மைக்கேல் டிபேக்கி, நியூ ஆர்லியன்ஸ் துலேன் பல்கலைக்கழகத்தில் இளம் மருத்துவராக இருந்தபோது, 1934இல், குழாயைச் சுழலும் உருளையால் நசுக்கும் உருளைப் பம்பைச் சீர்திருத்தி இரத்தம் ஏற்றப் பயன்படுத்தினார். உருளை சுற்றச் சுற்றக் குழாயும் கூடவே இழுபட்டுப் போவது பழைய பம்புகளின் குறை. குழாயில் விளிம்பு ஒன்றை ஒட்டி, அதைப் பிடித்து நிறுத்தினார் டிபேக்கி. பார்த்தால் சின்னத் திருத்தம். ஆனால் பின்னால் வந்த இதய அறுவைச் சிகிச்சையின் பெரும்பகுதி அந்த உருளைகளின் மேல்தான் நடந்தது. பிலடெல்பியாவில் 1953 மே 6 அன்று ஜான் கிப்பன் 18 வயதுப் பெண் ஒருவரின் இதய அறைச் சுவரிலிருந்த ஓட்டையைத் தைத்தபோது, 26 நிமிடம் அவருடைய இதயமும் நுரையீரலும் செய்யவேண்டிய வேலை முழுவதையும் இயந்திரம் ஏற்றுக்கொண்டது. அதிலும் உருளைப் பம்புகளே சுழன்றன.

இந்தப் பம்புகள் எல்லாமே குருடு. எவ்வளவு தள்ளவேண்டும் என்பது அவற்றுக்குத் தெரியும், எப்போது தள்ளவேண்டும் என்பது தெரியாது. அறுவை மேசையில் அதனால் குறையில்லை. அங்கே இயந்திரம் இதயத்தின் வேலையைத் தானே முழுதாக ஏற்றுக்கொள்கிறது. ஆனால் மாரடைப்பில் தளர்ந்து, நிற்காமல் தள்ளாடிக்கொண்டிருக்கும் இதயத்துக்கு உதவவேண்டுமானால், அதன் துடிப்பை அறியாத பம்பு உதவிக்குப் பதில் உபத்திரவமாகிவிடும். இந்த வரலாற்றில் மிகுந்த அறிவு செலவானது இந்த இடத்தில்தான்.

உடல் முழுவதும் இரத்தம் வாங்குவது இதயம் சுருங்கும்போது. இதயத் தசை மட்டும் தனக்கான இரத்தத்தைப் பெரும்பாலும் விரியும்போதுதான் வாங்குகிறது. சுருங்கும் நேரத்தில் தன் நாளங்களைத் தானே நெரித்துக்கொள்கிறது. அப்படியானால் இதயம் இளைப்பாறும் அந்தக் கணத்தில் பெருந்தமனியில் அழுத்தத்தைக் கூட்டினால் என்ன? நியூயார்க் அறுவை மருத்துவர் ஏட்ரியன் கான்ட்ரோவிட்ஸும் இயற்பியலாளரான அவருடைய அண்ணன் ஆர்தரும் 1950களின் தொடக்கத்திலேயே இந்தக் கேள்வியைக் கையில் எடுத்தார்கள். அழுத்த அலையைச் சற்றுத் தாமதப்படுத்தி அனுப்பினால் இதயத் தசைக்குப் போகும் இரத்தம் கூடுகிறது என்று 1953இல் எழுதினார்கள். அந்தப் பத்தாண்டின் இறுதியில் ஏட்ரியன் இன்னும் துணிந்தார். ஒரு நாயின் உதரவிதானத் தசையில் ஒரு பகுதியை எடுத்துப் பெருந்தமனியைச் சுற்றிப் போர்த்தி, இதயம் விரியும் நேரம் பார்த்து அதற்கு மின்தூண்டல் கொடுத்தார். இயந்திரம் என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே இல்லை; தசை பிழிந்தது, நேரத்தை மின்சாரம் சொன்னது.

தசைக்குப் பதில் பலூன் என்ற யோசனை வேறோர் இடத்திலிருந்து வந்தது. கிளீவ்லேண்டில் ஸ்பைரோஸ் மௌலோபௌலோஸும் வில்லெம் கோல்ஃபும் 1962இல் அதை வெளியிட்டார்கள். போர்க்காலத்தில் ஜெர்மானியர் பிடியிலிருந்த நெதர்லாந்தில், சாசேஜ் உறையாகப் பயன்பட்ட செல்லோஃபேன் குழாயைக் கொண்டு செயற்கைச் சிறுநீரகம் செய்தவர் கோல்ஃப். மெல்லிய பொருள்களை நம்பி உயிர் காக்க முனைந்த மனிதர் அவர்.

1967இல் கான்ட்ரோவிட்ஸ் புரூக்ளினில் அந்தப் பலூனை ஒரு நோயாளியிடம் முதன்முதலில் வெற்றிகரமாகப் பயன்படுத்தினார். நீளமான பலூன் தொடைத் தமனி வழியாகப் பெருந்தமனிக்குள் போய் அமர்கிறது. வெளியே இருக்கும் கருவி ஈசிஜியைப் படித்துக்கொண்டே இருக்கிறது. இதயத்தின் வால்வு மூடிய கணம் பலூன் வீங்கி இரத்தத்தை இதய நாளங்களின் பக்கம் தள்ளும். அடுத்த துடிப்புக்குச் சற்று முன் சட்டென்று சுருங்கும். அந்த வெற்றிடத்தால் இதயம் குறைந்த சிரமத்தில் இரத்தத்தை வெளியேற்றும். இன்று அதற்குள் நிரப்புவது ஹீலியம். கனம் குறைந்த வாயு என்பதால் மெல்லிய குழாய் வழியாக விரைந்து போய்வரும். நேரம் பிசகிப் பலூன் முன்கூட்டியே வீங்கினால், இதயம் மூடிய கதவின் மேல் மோதுவதுபோல் அதன்மேல் மோதித் தவிக்கும். உணர்வதும் தள்ளுவதும் ஒன்றாகச் சேர்ந்த மென்கருவி, 'மென்ரோபோ' என்ற பேச்சு எழுவதற்குப் பல ஆண்டுகள் முன்பே மருத்துவமனைக் கட்டிலருகில் வேலை செய்துகொண்டிருந்தது.

அதன் பயன் எவ்வளவு என்ற வழக்கு இன்னும் தீரவில்லை. ஜெர்மனியில் மாரடைப்பு அதிர்ச்சி நிலையில் இருந்த 600 நோயாளிகளிடம் நடத்தி 2012இல் வெளியான ஆய்வு, பலூன் வைத்தவர்களுக்கும் வைக்காதவர்களுக்கும் 30 நாள் இறப்பில் பெரிய வேறுபாடு இல்லை என்று கண்டது. அதன்பின் பல நாடுகளில் பலூனின் பயன்பாடு சுருங்கியது. கருத்து அழகாக இருப்பது நோயாளி பிழைப்பதற்குப் போதாது என்பதை இந்தத் துறை ஒளிக்காமல் ஒப்புக்கொண்டது, அதன் நேர்மை.

மென்மைக்கு இன்னொரு பகை, களைப்பு. இதயம் நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 லட்சம் முறை துடிக்கிறது. ஆண்டுக்கு மூன்றரைக் கோடிக்கு மேல். அத்தனை முறை மடங்கி விரியும் பாலியூரித்தேன் சவ்வு ஒருநாள் கிழியும். 1982 டிசம்பரில் பல் மருத்துவர் பார்னி கிளார்க்குக்குப் பொருத்திய ஜார்விக்-7 செயற்கை இதயம் காற்றால் அசையும் சவ்வுகளைக் கொண்டது. அவர் 112 நாள் உயிரோடிருந்தார். பின்னால் வந்த இதயத் துணைப் பம்புகளில் சவ்வை விட்டுவிட்டு, ஓயாமல் சுழலும் சிறு விசிறியைப் பொறியாளர்கள் வைத்தார்கள். 2009இல் வெளியான ஒப்பீட்டில் சுழல் பம்பு பொருத்தியவர்களில் 58 விழுக்காட்டினர் இரண்டாண்டு தாண்டினர். சவ்வுப் பம்பில் 24 விழுக்காட்டினரே. சுழல் பம்பு பொருத்தியவர்கள் பலரின் மணிக்கட்டில் நாடி தட்டுப்படாது. கடினமானது வென்றுவிட்டது, துடிப்பைக் கைவிட்டு.

என்றாலும் விசிறி இரத்தத்தைத் தொடுகிறது. தொடுவதால் உறைவு, உறைவைத் தடுக்க மருந்து, மருந்தால் இரத்தக்கசிவு. இரத்தத்தையே தொடாமல் இதயத்தை வெளியிலிருந்து பிழியலாமே என்ற பழைய ஆசைக்கு உதவியது, அணுகுண்டு ஆய்வுக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த தந்தையின் கவலை. 1945இல் டிரினிட்டி அணுகுண்டுச் சோதனையில் கடைசி நேரக் கருவியை முடுக்கியவர்களில் ஒருவரான ஜோசஃப் மெக்கிபன், போலியோவால் பாதிக்கப்பட்ட மகளின் கையை அசைக்க, 1950களில் ஒரு காற்றுத் தசையை வடிவமைத்தார். ரப்பர்ப் பையின் மேல் பின்னலிட்ட உறை. காற்றடைத்தால் பை பருக்கும், நீளம் குறுகும்.

எல்லன் ரோச், கானர் வால்ஷ் முதலிய ஹார்வர்டு, பாஸ்டன் குழந்தைகள் மருத்துவமனை ஆய்வாளர்கள் அதே தசைகளைச் சிலிகோன் உறையொன்றில் இரு அடுக்காகப் பதித்தார்கள். ஓர் அடுக்கு வளையமாகச் சுற்றி நெருக்கும். மற்றது சாய்வாகச் சுற்றி முறுக்கும். மனித இதயத் தசையின் அமைப்பும் இப்படித்தான், நெருக்கலும் முறுக்கலும் சேர்ந்தே. 2017 ஜனவரியில் வெளியான அவர்களுடைய ஆய்வில், பன்றிகளின் இதயத்தைச் சுற்றி அந்த உறை இதயத்தின் தாளத்தோடு ஒத்திசைந்து பிழிந்தது. இடப் பக்கம் மட்டும் தளர்ந்திருந்தால் அந்தப் பக்கத்தை மட்டும் பிழியவும் அதற்குத் தெரியும். உறையும் இதயமும் உரசிப் புண்ணாகாமலிருக்க இடையில் ஒரு கூழ்ப்படலத்தை வைத்தார்கள். காற்றை அனுப்பும் கருவி மட்டும் உடலுக்கு வெளியேதான் இருந்தது.