குருதியில் எழுதப்படும் சேதி

கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனை, நிந்தவூர் முதலிய கரையோர ஊர்களிலிருந்து புற்றுநோய்ச் சிகிச்சையை நாடி மட்டக்களப்புக்கும் மஹரகமவுக்கும் செல்வோர் உளர். அவர்கள் கொண்டு திரும்பும் அறிக்கைகளில் சில வேளைகளில் ஒரு புரதத்தின் பெயரும் அதன் அளவும் காணப்படும். அந்த இலக்கம் சற்று உயர்ந்திருப்பின், அதனையே இறுதித் தீர்ப்பெனக் கொண்டு குடும்பத்தார் கலங்கிவிடுகின்றனர். அவ்விலக்கம் எதனைக் கூற வல்லது, எதனைக் கூற மாட்டாது என்பதை அதன் வரலாறே விளக்கும்.

1845ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் நோயாளி ஒருவரின் சிறுநீர், ஹென்றி பென்ஸ் ஜோன்ஸ் என்னும் மருத்துவரிடம் பரிசோதனைக்கு வந்தது. அதிலிருந்த விந்தையான புரதம் கொதிக்கும்போது கரைந்தது. ஆறியபோது மீண்டும் தோன்றியது. என்பு மச்சையில் எழும் புற்றுநோயின் அடையாளம் அது எனப் பின்னர் தெளிவாயிற்று. உடலினுள் மறைந்துள்ள புற்று, புரத வடிவில் வெளியே சேதி அனுப்பும் என்னும் உண்மைக்கு இதுவே தோற்றுவாய்.

புற்று எவ்வாறு பரவுகின்றது என்னும் வினாவுக்கு 1889இல் ஸ்டீபன் பேஜற் விடை தேடினார். மார்புப் புற்றுநோயால் இறந்த 735 பெண்களின் பிரேத பரிசோதனைக் குறிப்புகளை ஆராய்ந்த அவர், புற்றுக் கலங்களை வித்துக்கும் அவை சென்று தங்கும் உறுப்பை நிலத்துக்கும் ஒப்பிட்டார். வேளாண்மை செய்யும் கரையோர மக்களுக்கு இவ்வுவமை எளிதில் விளங்கும். நல்ல வித்தாயினும் உவர் நிலத்தில் முளைப்பதில்லையன்றோ? நுரையீரற் புற்றும் மூளை, என்பு, ஈரல் ஆகியவற்றையே பெரிதும் நாடிச் செல்கின்றது.

வித்து சிதறுவதன் காரணமும் ஓரளவு புலப்பட்டது. கலங்களை ஒன்றோடொன்று பிணைக்கும் கெட்ஹெரின் என்னும் புரத இனத்தை ஜப்பானிய அறிஞர் மசத்தோசி தக்கேய்ச்சி கண்டறிந்தார். அப்பிணைப்பு நெகிழும்போது புற்றுக் கலங்கள் தாயிடத்தை விட்டு அகல்வது எளிதாகின்றது.

1965இல் கனடாவின் மொன்றியால் நகரில் பில் கோல்டும் சாமுவேல் ஃபிரீட்மனும், பெருங்குடற் புற்றிலும் கருவிலுள்ள சிசுவின் குடலிலும் ஒரு பொதுப் புரதத்தைக் கண்டனர். சி.இ.ஏ. என வழங்கும் இப்புரதம் நுரையீரற் புற்றுநோயாளர் பலரின் குருதியிலும் உயர்ந்திருந்தது. ஒரு துளிக் குருதியால் புற்றை முன்கூட்டியே அறியலாம் என்ற பெருநம்பிக்கை எழுந்தது. ஆயின் அது நிலைக்கவில்லை. புற்றில்லாப் புகைப்பிடிப்போரிடத்தும் ஈரல் நோயாளரிடத்தும் அவ்வளவு உயரலாம். புற்று பரவிய சிலரிடத்தோ சாதாரணமாகவே இருக்கலாம்.

எனினும் அதன் பயன் அற்றுப்போகவில்லை. சத்திரசிகிச்சைக்கு முன் அளவு மிகுந்திருப்போரிடையே நோய் மீளும் அபாயம் பொதுவாகக் கூடுதல் எனக் கண்டனர். சிகிச்சையின்போது அது தாழ்ந்தால் நற்குறி. தொடர்ந்து உயர்ந்தால் எச்சரிக்கை. ஓர் இலக்கத்தினும் அதன் போக்கே மருத்துவருக்கு வழிகாட்டுகின்றது. வானில் எழும் ஒரு முகிலை மட்டும் கண்டு, காற்றின் போக்கை நோக்காது கடலோடி முடிவு செய்வானோ?

2004ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் ஒரு திருப்பம். கலத்தின் மேற்பரப்பில் வளர்ச்சிக் கட்டளையைப் பெறும் ஈ.ஜி.எஃப்.ஆர். என்னும் புரதம், மரபணு மாற்றத்தால் ஓயாது கட்டளையிடும் நோயாளருக்கு ஜெஃபிற்றினிப் என்னும் மாத்திரை சிறந்த பலன் தருவதை அமெரிக்க ஆராய்ச்சியாளர் அறிந்தனர். புகைபிடியாத ஆசிய நோயாளரிடையே இம்மாற்றம் மிகுதி. முன்னர் நோயின் போக்கை மட்டும் உரைத்த புரதம், இப்போது மருந்து சென்று தாக்கும் இலக்காகவும் ஆயிற்று.

நோய் வருமுன் காக்கும் வழியும் மறக்கற்பாலதன்று. புகைத்தலுக்கும் நுரையீரற் புற்றுக்குமுள்ள தொடர்பை 1950இலேயே டோலும் ஹில்லும் ஆய்வால் காட்டினர். இலங்கையும் 2006இல் புகையிலைக் கட்டுப்பாட்டுக்குச் சட்டம் இயற்றியது.

அறிக்கையிலுள்ள இலக்கம் பலரின் அனுபவத்திலிருந்து பெறப்பட்ட சராசரிச் சேதி. தனியொருவரின் ஆயுளை அளந்து கூறும் ஆற்றல் அதற்கில்லை. அது கண்டு அஞ்சிச் சிகிச்சையைக் கைவிடுவோர், மருந்து பலன் தரும் காலத்தையே இழக்கின்றனர். அறிக்கையுடன் தாமதமின்றி மருத்துவரை அணுகி, கட்டியின் புரதங்களும் பரிசோதிக்கப்பட்டனவா என வினவுதலே அறிவுடைமை.