ஒத்தை மாத்திரையும் நடவு வயலும்

எய்ட்ஸ் வரலாறு எழுதுகிறவர்கள் 1986லிருந்து ஆரம்பிப்பார்கள். சென்னை மருத்துவக் கல்லூரியில் சுனிதி சாலமனும் செல்லப்பன் நிர்மலாவும் பாலியல் தொழிலில் இருந்த பெண்களின் ரத்தத்தைச் சோதித்து, இந்தியாவில் ஹெச்.ஐ.வி. இருப்பதை முதன்முதலாகக் கண்டுபிடித்த வருஷம் அது. அப்போதே 'யார் கெட்டவள்' என்ற கேள்வி பெண் உடம்பின் மேல் ஏறிக்கொண்டது. புருஷனிடமிருந்து தொற்று வாங்கி, பிள்ளை பெறப்போன இடத்தில் அதைத் தெரிந்துகொண்ட தஞ்சாவூர்ப் பக்கத்து நடவுக்காரி இந்த வரலாற்றுக்குள் நுழைவது பிரசவ வார்டு வழியாகத்தான். அதுவும் நோயாளியாக அல்ல, குழந்தைக்கு நோய் போகும் பாதையாக.

தஞ்சாவூரில் அந்தப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் பெயர் இராசா மிராசுதார் மருத்துவமனை. பண்ணையாள்களின் பேத்திகள் மிராசுதார் பெயரில்தான் பிள்ளை பெறுகிறார்கள். சரி, அது கிடக்கட்டும்.

தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று பரவாமல் தடுக்கும் திட்டம் 2000இல் சோதனையாகத் தொடங்கி 2002லிருந்து விரிந்தது. வலி கண்டதும் தாய்க்கு 200 மில்லிகிராம் நெவிரபின் மாத்திரை, ஒண்ணே ஒண்ணு. பிறந்த 72 மணி நேரத்துக்குள் குழந்தைக்கு அதே மருந்து சொட்டாக. ஒன்றும் செய்யாவிட்டால் நூற்றுக்கு 15 முதல் 45 குழந்தைகள் வரை தொற்றோடு போகும். இந்த மலிவான வழி அதைப் பாதியளவு குறைக்கும் என்று உகாண்டாவில் நடந்த ஆய்வு 1999இல் காட்டியிருந்தது. பிள்ளை பிழைத்தது, சந்தோஷம்தான். ஆனால் அந்த ஒத்தை மாத்திரை தாயின் நோய்க்கு மருந்து இல்லை. ஒரே வேளை கொடுத்து நிறுத்துவதால் பல தாய்மார் உடம்பில் நெவிரபினுக்கு அடங்காத கிருமி தங்கிவிடுகிறது, பின்னால் அவளுக்கே அந்த மருந்து தேவைப்படும்போது பலிக்காமல் போகலாம் என்பதும் அந்த வருஷங்களிலேயே தெரிந்தது. தெரிந்தும் பத்து வருஷத்துக்கு மேல் ஓட்டினார்கள்.

2004 ஏப்ரல் 1இல் கூட்டு மருந்து சிகிச்சை இலவசமாக ஆரம்பித்தபோது தமிழ்நாட்டுக்குத் தாம்பரம் சானடோரியம். தஞ்சாவூரிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். கைக்குழந்தைக்காரி போவாளா? மையங்கள் பிறகு மாவட்டங்களுக்கு வந்தன. தொற்று உள்ள கர்ப்பிணிகள் எல்லோருக்கும் ஆயுள் முழுக்க மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை என்று ஆனது 2014இல். தாயைத் தாய்க்காகவும் பார்க்க இவ்வளவு காலம் பிடித்தது. 1998லேயே சென்னையில் பி. கௌசல்யாவும் தோழிகளும் தொற்றுள்ள பெண்களுக்கென்றே தனி அமைப்பு தொடங்கிவிட்டார்கள் என்பதை இங்கே ஞாபகப்படுத்த வேண்டும்.

இனிமேல்தான் 'ஒழுங்காச் சாப்பிடுறதில்ல' என்ற புகார் வருகிறது. பல நாடுகளின் 51 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2012இல் வெளியான கணக்கு இது: வயிற்றில் பிள்ளை இருக்கும்போது மாத்திரையைப் போதுமான அளவு விடாமல் சாப்பிடுகிறவர்கள் நூற்றுக்கு 76 பேர், பெற்ற பிறகு 53 பேர். விட்டால் கிருமி பெருகும், மருந்துக்கு அடங்காமல் போகும், பால் கொடுக்கிறவளாக இருந்தால் குழந்தைக்கும் போகும். கேட்டால் 'அலட்சியம்' என்பார்கள். யாருடைய அலட்சியம்?

தஞ்சைப் பண்ணையாள் வரலாறு எழுதினவர்கள் சவுக்கடியை எழுதினார்கள், சாணிப்பாலை எழுதினார்கள், 1968இல் வெண்மணியில் எரிந்த 44 பேரை எழுதினார்கள். பிள்ளை பெற்றவள் எத்தனாம் நாள் வயலில் இறங்கினாள் என்பதை எழுதினது குறைவு. வரப்பு மரத்தில் தூளி கட்டிப் போட்டுவிட்டு நடவுக்குக் குனிந்த பாட்டிகள் நம் எல்லா வீட்டிலும் உண்டு. 1961ஆம் வருஷத்து மகப்பேறுச் சட்டம் ஆலைக்கும் தோட்டத்துக்கும் வந்தது, டெல்டாவின் கூலி வயலுக்கு வரவில்லை. 2017இல் அதே சட்டம் 26 வாரச் சம்பள விடுப்பு கொடுத்தபோதும் சேரிப்பெண் வெளியேதான். முத்துலட்சுமி ரெட்டி உதவித்தொகை 2006இல் 6,000, 2011இல் 12,000, 2018இல் 18,000 ரூபாய் என்று ஏறியது, இரண்டு பிரசவத்துக்கு மட்டும். இல்லாததற்கு இது மேல். ஆனால் நடவு சீசன் தவணைக்குக் காத்திருக்காது.

இந்த உடம்புக்குத்தான் தினம் ஒரு மாத்திரை. 2014லிருந்து சில வருஷம் கொடுத்ததில் எஃபாவிரென்ஸ் இருந்தது. ராத்திரி படுக்கப்போகும்போது போடணும். தலை சுற்றும், கெட்ட கனவு வரும். விடிகாலையில் லோடு ஆட்டோ ஏறி, சேற்றில் நாள் முழுக்கக் குனிந்து நடுகிறவளுக்கு அந்தக் கிறக்கம் என்ன செய்யும் என்று யோசியுங்கள். (இப்போது அதற்குப் பதிலாக டோலுடெக்ராவிர் வந்துவிட்டது, தொந்தரவு குறைவு.) தலைப்பிரசவம் என்றால் தாய்வீடு, சில மாதத்தில் புருஷன் வீடு. 'புள்ள பெத்து எத்தன மாசமாச்சு, இன்னும் என்னாடி மாத்திர?' என்று மாமியார் கேட்பாள். புட்டிப்பால் கொடுத்தால் 'ஏன் தாய்ப்பால் இல்ல?' என்று தெருவே கேட்கும். அரிசிப் பானைக்குள் ஒளித்த டப்பாவை ஆளில்லாத நேரம் பார்த்துத்தான் எடுக்க முடியும். 2012 முதல் 2019 வரை எட்டு வருஷம் ஜூன் 12இல் மேட்டூர் திறக்கவில்லை. வேலை இல்லாமல் திருப்பூர் பக்கம் கிளம்பின குடும்பத்தில் மாத்திரை வாங்கும் மையத்தையும் மாற்றணும், அதற்கு மறுபடி ஒரு புது ஊரில் தன் நோயைச் சொல்லணும்.

குழந்தைக்கு ஆறாவது வாரம் சோதனை, 18ஆவது மாதம் கடைசிச் சோதனை. 'இல்லை' என்று வந்தால் குழந்தையின் கணக்கு நம்பிக்கை மையத்து ரிஜிஸ்டரில் முடிந்தது. தாய் தொடர்ந்து போகணும். 2021 மே மாதத்திலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை, பஸ் காசு மிச்சம். மாத்திரைக்குப் போகும் நாளின் கூலியை இன்னும் யாரும் கொடுக்கவில்லை.