சாக்ரமெண்டோவில் மூன்று வாக்குகள்

2009 பிப்ரவரி 17 நள்ளிரவு வாக்கில், கலிஃபோர்னியா மாநில மேலவையின் குடியரசுக் கட்சி உறுப்பினர்கள் தலைநகர் சாக்ரமெண்டோவில் கூடித் தங்கள் தலைவர் டேவ் காக்டிலைப் பதவியிலிருந்து இறக்கினார்கள். மாநிலத்தின் பட்ஜெட் பள்ளம் 4,000 கோடி டாலரைத் தாண்டியிருந்த நேரம் அது. அதை அடைக்க ஆளுநரோடும் ஜனநாயகக் கட்சித் தலைவர்களோடும் பேசி, வரி உயர்வு அடங்கிய உடன்பாட்டுக்கு இசைந்ததுதான் காக்டில் மீது அவர்களுக்கு இருந்த கோபம். ஆட்சியை நடத்திய ஆளுநர் அர்னால்ட் ஸ்வார்ஸ்நெகரும் அதே குடியரசுக் கட்சிக்காரர்தான்.

ஜனநாயகக் கட்சிக்கு இரு அவைகளிலும் பெரும்பான்மை இருந்தது. ஆனால் அது போதவில்லை. 1930களின் பொருளாதாரப் பெருமந்தத்தின்போது, 1933இல், கலிஃபோர்னியா வாக்காளர்கள் பட்ஜெட்டுக்கு மூன்றில் இரு பங்கு ஆதரவு வேண்டும் என்ற விதிக்கு வித்திட்டார்கள். 1978இல் மக்கள் வாக்கில் நிறைவேறிய 13ஆம் முன்மொழிவு, வரி உயர்வுக்கும் அதே அளவுகோலை வைத்தது. அதனால் மேலவையின் 40 பேரில் 27 பேரும், கீழவையின் 80 பேரில் 54 பேரும் கை தூக்கியாக வேண்டும். இரு அவைகளிலும் எதிர்த்தரப்பிலிருந்து மூவர் மூவராக வந்தால்தான் கணக்கு நேராகும். புதிய வரிக்கு வாக்களிப்பதில்லை என்று எழுத்திலேயே உறுதிமொழி கொடுத்தவர்கள் நிறைந்த தரப்பு அது.

இந்தியாவில் கொறடா உத்தரவை மீறி வாக்களிப்பவர், 1985இல் வந்த கட்சித் தாவல் தடைச் சட்டப்படி பதவியையே இழக்க நேரலாம். அமெரிக்காவில் அப்படிச் சட்டம் இல்லை. ஆனாலும் கட்சிக்குள் நடக்கும் வேட்பாளர் தேர்தல் ஒரு கத்திபோலத் தலைக்கு மேல் தொங்கும்.

மேலவைத் தலைவர் டாரெல் ஸ்டைன்பெர்க் உறுப்பினர்களை வீட்டுக்கு அனுப்பவில்லை. இரவெல்லாம் அவையிலேயே கிடந்தார்கள். சிலர் மேசையிலேயே தூங்கினார்கள். கடைசி ஒரு வாக்கு ஏபல் மால்டொனாடோவின் கையில் இருந்தது. சான்டா மரியாக்காரர், பண்ணைத் தொழிலாளர் குடும்பத்துப் பிள்ளை. காலனுக்கு 12 சென்ட் பெட்ரோல் வரி உயர்வைக் கைவிட வேண்டும். பற்றாக்குறை ஆண்டுகளில் சட்டமன்றத்தாருக்குச் சம்பள உயர்வு கூடாது. எல்லாக் கட்சி வேட்பாளர்களும் ஒரே முதற்கட்டத் தேர்தலில் நின்று, முதல் இருவர் மட்டும் இறுதிக்குப் போகும் முறையை மக்கள் வாக்குக்கு விட வேண்டும்: இவை அவருடைய நிபந்தனைகள். கட்சிக்காரர்கள் மட்டுமே தேர்ந்தெடுக்கும் முறையில் இனித் தான் பிழைக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்தே இருக்கும். தன்னலமும் பொதுநலமும் கலந்த பேரம்தான். ஆனாலும் அது வெளிச்சத்தில் நடந்த பேரம். பிப்ரவரி 19 விடியற்காலையில் உடன்பாடு நிறைவேறியது. விற்பனை வரி டாலருக்கு ஒரு சென்ட் கூடியது, வாகனக் கட்டணமும் ஏறியது.

வாக்களித்தவர்கள் விலை கொடுத்தார்கள். கீழவையின் குடியரசுக் கட்சித் தலைவர் மைக் வில்லைன்ஸ் அந்தத் தலைமையை விட்டு விலகினார். கீழவை உறுப்பினர் அந்தோனி ஆடம்ஸைத் திரும்ப அழைக்கக் கையெழுத்து வேட்டை நடந்து, செல்லத்தக்க கையெழுத்துகள் போதாமல் நின்றுபோனது; ஆனாலும் 2010இல் அவர் மறுபடி போட்டியிடவில்லை. துணை ஆளுநராக நியமிக்கப்பட்ட மால்டொனாடோ அதே ஆண்டுத் தேர்தலில் கவின் நியூசமிடம் தோற்றார். காக்டிலின் நிலை இன்னும் துயரமானது. பதவி போன பிறகும், பேசியபடியே உடன்பாட்டுக்கு வாக்களித்தார். தனக்கென எதையும் அவர் கேட்டு வாங்கவில்லை. கட்சியை மீறி வாக்களித்த ஆறு பேரில் அதிக மரியாதைக்குரியவர் அவர்தான். 2010இல் கென்னடி நூலக அறக்கட்டளையின் துணிவு விருது அவருக்கும் வில்லைன்ஸுக்கும், ஜனநாயகக் கட்சியின் கேரன் பாஸுக்கும் ஸ்டைன்பெர்க்குக்கும் சேர்ந்து வந்தது.

அந்த ஆண்டிலேயே விதிகளும் மாறின. ஜூனில் மால்டொனாடோ கேட்ட தேர்தல் முறையை வாக்காளர்கள் ஏற்றார்கள். நவம்பரில் 25ஆம் முன்மொழிவு, பட்ஜெட்டுக்குச் சாதாரணப் பெரும்பான்மை போதும் என்றது. வரிக்கான மூன்றில் இரு பங்கு மட்டும் அப்படியே நின்றது. அதனால்தான் 2017இல் சாலைகளுக்காகப் பெட்ரோல் வரி உயர்வு வந்தபோது மேலவையில் பழைய கணக்கு திரும்பியது. ஜனநாயகக் கட்சியின் ஸ்டீவ் கிளேசர் எதிர்த்து வாக்களிக்க, குடியரசுக் கட்சியின் அந்தோனி கனெல்லா தன் பகுதிக்கு ரயில் நீட்டிப்பைப் பெற்றுக்கொண்டு 27ஆவது வாக்கைத் தந்தார். அன்று கூடிய வரி, காலனுக்கு 12 சென்ட்.